புனையா ஓவியங்கள்: இலக்கியப் பதிப்புகளுக்கான முன்வரைவுகளும் தமிழாய்வின் கடமையும்

ஆய்வுச் சுருக்கம்

இலக்கியப் பதிப்புகளுக்கென ஓவியர்கள் தீட்டும் முன்வரைவுகள், அச்சுப்பணி முடிந்ததும் பயன் தீர்ந்தவையாகக் கருதப்பட்டு அழிய விடப்படுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு முதல் பிரான்சில் மோலியேர், கொர்னேய், ராசின் ஆகியோரின் நாடகங்களுக்கு வெளிவந்த உயர்தரப் படப்பதிப்புகளையும், தமிழில் ‘பொன்னியின் செல்வன்’ முதலான படைப்புகளுக்கு வரையப்பட்ட ஓவியங்களையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. முன்வரைவு என்பது பனுவலின் ஒரு வாசிப்பு என்பதும், அது பாடவேறுபாட்டுக்கு நிகராக மதிக்கத்தக்க ஆய்வுத்தரவு என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும். திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் விற்கப்படும் அச்சுப்படப் பனியன்களின் உருவாக்கமுறை இக்கருத்தைத் தெளிவுபடுத்தும் ஒப்புமையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: முன்வரைவு, புனையா ஓவியம், படப்பதிப்பு, பதிப்பியல், மணியம், சில்பி, மோலியேர், ராசின், காதர்பேட்டை, திரையச்சு.

1. முன்னுரை

தமிழ்ப் பதிப்பியலின் வரலாறு ஏடு தேடியவர்களின் வரலாறாகும். 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றியபோது, கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் கணக்கிலெடுப்பது பதிப்பாசிரியரின் தலையாய கடமை என்பது நிலைபெற்றது. ஒரு சொல், ஓர் எழுத்து, ஒரு சீர் மாறியிருப்பினும் அதனைப் பதிவு செய்யும் மரபு அதன்வழி வளர்ந்தது. ஆனால் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி எழுத்தோடு ஓவியமும் சேர்ந்தே வாசகரைச் சென்றடைந்தது. எழுத்தின் கைப்படியைத் தேடும் ஆய்வுலகம், ஓவியத்தின் கைப்படியைத் தேடியதில்லை.

வண்ணம் தீட்டப்பெறாத கோட்டுருவத்தைக் குறிக்கத் தமிழில் பழமையான கலைச்சொல் ஒன்று உண்டு. ‘புனையா ஓவியம்’ என்னும் அத்தொடரை நெடுநல்வாடையில் காணலாம். தலைவனைப் பிரிந்து அணிகளைந்திருக்கும் அரசிக்கு அது உவமையாக வருகிறது. முழுமையடைந்த ஓவியத்திற்கு முற்பட்ட நிலை ஒன்று உண்டு என்பதையும், அந்நிலை தனக்கே உரிய பொருளை உணர்த்தவல்லது என்பதையும் சங்கப் புலவர் அறிந்திருந்தார் என்பதற்கு இவ்வுவமை சான்றாகும். அணி நீங்கிய நிலையில்தான் அரசியின் உள்ளம் புலப்படுகிறது. அவ்வாறே, வண்ணமும் மெருகும் ஏறாத நிலையில்தான் ஓவியரின் சிந்தனை புலப்படுகிறது. இச்சொல்லை உரையாசிரியர் கூற்றாக விளக்கும் வகுப்பறை, அது குறிக்கும் பொருளைத் தன் காலத்து இலக்கியத்தில் தேடாமல் விட்டிருப்பது எண்ணத்தக்கது.

2. பிரெஞ்சு நாடகப் பதிப்புகளில் முன்வரைவு

முன்வரைவுகளைப் பனுவல் வரலாற்றின் பகுதியாகப் பேணிய சூழலுக்குப் பிரெஞ்சு நாடகப் பதிப்புகள் தக்க எடுத்துக்காட்டாகும். மோலியேர் 1673இல் மறைந்தார். 1734இல் பாரிசில் அவருடைய நாடகங்கள் ஆறு தொகுதிகளாகப் பெரிய அளவில் வெளிவந்தன. அவற்றிற்கான படங்களை பிரான்சுவா பூஷே வரைந்தார். லோரான் கார் அவற்றைச் செப்புத்தகட்டில் செதுக்கினார். நாடகங்கள் எழுதப்பட்டதற்கும் படங்கள் வரையப்பட்டதற்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. பூஷே பழைய காலத்து உடையைத் தேடவில்லை. தம் காலத்து மனிதர்களின் உடையையும் அறையமைப்பையுமே பெரிதும் வரைந்தார். இதனால் மோலியேர் அவ்வாசகர்களுக்குச் சமகாலத்தவராகத் தோன்றினார். 1773இல் ஆந்துவான் பிரே பதிப்பித்த மற்றொரு ஆறு தொகுதிப் பதிப்புக்கு இளைய மொரோ வரைந்தார். எழுத்து அதே எழுத்து; ஆனால் அவர் தேர்ந்த தருணமும் மேடையமைப்பும் மெய்ப்பாடும் வேறு. இரண்டு படத்தொகுதிகளையும் அருகருகே வைத்துக் காண்பவர் ஒரே நாடகத்திற்கு எழுந்த இரண்டு உரைகளைக் காண்பவரை ஒப்பர்.

உரை என்னும் சொல் இங்கு வெறும் உருவகமன்று. 1764இல் வெளிவந்த கொர்னேயின் நாடகத் தொகுப்பு வோல்த்தேரின் விளக்கவுரையோடும் கிராவ்லோவின் படங்களோடும் பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. ஒரே பதிப்பில் ஒருவர் சொல்லால் உரை கண்டார். மற்றவர் கோட்டால் உரை கண்டார். உடையணிவித்த மூட்டுப் பொம்மைகளை மாதிரியாக நிறுத்தி கிராவ்லோ வரைந்ததாகக் கூறுவர். கை எவ்வளவு உயரும், மேலாடை எங்கு மடியும் என்பதை முதலில் பொம்மையில் கண்டு, பின்னர் தாளில் அமைக்கும் முறை அது.

1801 முதல் 1805 வரை பியேர் திதோ வெளியிட்ட ராசின் பதிப்பு இவ்வகையின் உச்சமாகும். மூன்று பெருந்தொகுதிகள், 57 படங்கள், 250 படிகள் என்னும் அளவில் அது அமைந்தது. ழெரார், ழிரொதே, புருதோன் முதலியோர் அதற்கு வரைந்தனர். 57 என்னும் எண்ணிக்கை தற்செயலானதன்று. ராசினின் பன்னிரண்டு நாடகங்களிலும் உள்ள அங்கங்களைக் கூட்டினால் 56 வரும். அங்கத்திற்கு ஒரு படமும் முகப்புக்கு ஒரு படமும் என்பது அப்பதிப்பின் கணக்கு. ஆகவே ஒவ்வோர் அங்கத்திலும் எந்தத் தருணம் படமாகத் தக்கது என்ற வினாவுக்கு ஓவியர் விடைகாண வேண்டியிருந்தது.

அவ்வினா எளிதன்று. ராசினின் துன்பியல் நாடகங்களில் கொடுஞ்செயல்கள் பெரும்பாலும் மேடையில் நிகழ்வதில்லை. நிகழ்ந்ததை ஒருவர் வந்து எடுத்துரைப்பார். ‘ஃபேத்ர்’ நாடகத்தில் இப்போலித்தின் இறப்பைத் தெரமேன் சொல்லக் கேட்கிறோம். ஓவியர் எதை வரைவது? சொல்பவரையும் கேட்பவரையும் வரைந்தால் நாடகத்தின் மேடைநெறி காக்கப்படும். சொல்லப்படும் நிகழ்ச்சியை வரைந்தால் கேட்பவரின் மனக்காட்சி படமாகும். இரண்டும் முறையான வாசிப்புகளே. அச்சான படத்தில் தேர்வின் முடிவு மட்டுமே தெரியும். எவற்றை முயன்று பார்த்து ஓவியர் கைவிட்டார் என்பதை முன்வரைவுகளே உரைக்கும்.

முன்வரைவுக்கு வேறொரு பயனும் உண்டு. செப்புத்தகட்டில் செதுக்கப்பட்ட படம் தாளில் பதியும்போது இடம் வலமாக மாறும். வாள் ஏந்திய வலக்கை இடக்கையாகத் தோன்றாமலிருக்க, ஓவியரோ செதுக்குநரோ முன்னரே படத்தை மாற்றி அமைத்தல் வேண்டும். செதுக்குநரின் கையில் முகபாவம் இறுகுவதும் உண்டு. மூல வரைவு கிடைத்தால்தான் எது ஓவியரின் கருத்து, எது செதுக்குநரின் கைவண்ணம் எனப் பிரித்தறிய இயலும். இதனை உணர்ந்த அக்காலச் செல்வர் சிலர், மூல வரைவுகளையே அச்சுப்படியோடு சேர்த்துக் கட்டுவித்துத் தம் நூலகங்களில் வைத்திருந்தனர். பின்னர் அவற்றுட் பல பொதுநூலகங்களையும் அருங்காட்சியகங்களையும் அடைந்தன. செல்வர்களின் ஆடம்பர விருப்பம் காலப்போக்கில் ஆய்வுக்குத் துணையாயிற்று.

3. தமிழ் நாடக நூலும் படமும்

இப்பிரெஞ்சு மரபு தமிழோடு முற்றிலும் தொடர்பற்றதன்று. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘காளப்பன் கள்ளத்தனம்’ மோலியேரின் ஸ்காப்பேன் நாடகத்தைத் தழுவியதாகும். 1671இல் பாரிசில் மேடையேறிய ஏமாற்றுக்கார வேலையாள், தமிழ்ப்பெயர் பெற்றுத் தமிழ் மேடைக்கு வந்தான். ஆனால் பிரெஞ்சு நாடகத்தோடு சேர்ந்து வளர்ந்த படப்பதிப்பு மரபு அவனோடு வரவில்லை. தமிழ் நாடக நூல்கள் பெரும்பாலும் படமின்றியே அச்சேறின. படிப்பதற்குரிய நாடகமாக மதிக்கப்படும் பெ.சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ வெளிவந்ததும், சம்பந்த முதலியார் முதலியோர் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்ததும் 1891ஆம் ஆண்டிலேயே. படிக்கும் நாடகமும் நடிக்கும் நாடகமும் ஒரே ஆண்டில் வலுப்பெற்றபோதிலும், நாடகத்தைப் படமாகக் காட்டும் பணி நூலுக்கு உரியதாகக் கருதப்படவில்லை. அப்பணியை வண்ணத் திரைச்சீலைகளும் ஒப்பனையும் ஏற்றிருந்தன. திரைச்சீலை எழுதிய ஓவியர்களின் வரைவுகள் இன்று தேடிக் காண வேண்டியவையாக உள்ளன.

ஆகவே பிரான்சில் நாடகப் பதிப்பு வகித்த இடத்தைத் தமிழில் வகித்தது எது என்று வினவினால், வார இதழில் வெளிவந்த தொடர்கதை என்பதே விடையாகும். வாரந்தோறும் ஒரு காட்சி, ஒரு திருப்பம், ஒரு படம் என்ற அமைப்பு, அங்கந்தோறும் ஒரு படம் என்ற திதோ பதிப்பின் அமைப்பை நினைவூட்டுவது. கோபுலு வரைந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படங்கள் தஞ்சை வட்டாரத்து இசைக்குடும்பங்களின் உடை, இருக்கை, வாத்தியம் ஏந்தும் முறை ஆகியவற்றை வாசகர் மனத்தில் நிலைநிறுத்தின. கொத்தமங்கலம் சுப்புவின் எழுத்தை அப்படங்களிலிருந்து பிரித்து நினைவுகூர்தல் அக்கால வாசகருக்கு அரிது.

4. மணியமும் சில்பியும்: கண்டு வரைந்த சான்றுகள்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தபோது அதற்கு வரைந்தவர் மணியம். 1924இல் பிறந்து 1968இல் மறைந்த அவர், கல்கியின் களப்பயணங்களில் உடன் சென்று கோயில், சிற்பம், நில அமைப்பு முதலியவற்றை நேரில் கண்டு வரைந்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. எழுத்தாளர் குறிப்பேட்டில் எழுதியதை ஓவியர் வரைதாளில் எழுதினார். எழுத்தாளரின் குறிப்பேடு கிடைத்தால் அதனைப் போற்றிப் பதிப்பிக்க ஆய்வாளர் பலர் முன்வருவர். அதே பயணத்தின் மற்றொரு பதிவாகிய வரைதாளுக்கும் அம்மதிப்பு உரியதாகும்.

தொடர்கதை ஓவியரின் நிலை நாடகப் பதிப்பு ஓவியரின் நிலையினும் கடினமானது. பூஷேயும் ழிரொதேயும் முடிந்த நாடகத்தைப் படித்து வரைந்தனர். வார இதழ் ஓவியரோ வளர்ந்துகொண்டிருக்கும் கதைக்கு வரைகிறார். பாத்திரத்தின் முகத்தை முதல் வாரத்திலேயே உறுதி செய்தாக வேண்டும். அப்பாத்திரம் பின்னர் என்ன ஆகும் என்பது அவருக்கு முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. ‘பொன்னியின் செல்வ’னில் ஆதித்த கரிகாலன் இறப்பு இதற்குத் தக்க சான்றாகும். கொன்றவர் யார் என்பதை ஐயத்திற்கு இடமாகவே கல்கி அமைத்தார். எழுத்து ஐயத்தைத் தாங்கும். படம் அதனை எளிதில் தாங்காது. யார் அருகில் நிற்கிறார், யார் கையில் கருவி உள்ளது, ஒளி யார்மீது விழுகிறது என்பவற்றுள் ஒன்றை வரைந்தாலும் அது ஒரு தீர்ப்பாகிவிடும். இத்தகைய இடங்களில் ஓவியர் எவற்றை மறைக்க முயன்றார் என்பதை ஆராய முன்வரைவினும் சிறந்த தரவு இருத்தல் அரிது.

பின்னர் அத்தொடர் இதழில் மீண்டும் வெளிவந்தபோது வினு, பத்மவாசன், வேதா ஆகியோர் வெவ்வேறு காலங்களில் அதற்கு வரைந்தனர். ஒரே பனுவலுக்கு ஓவியர் பலர் உரை கண்ட இந்நிலை, மோலியேருக்கு பூஷேயும் மொரோவும் கண்ட உரைகளோடு ஒப்பிடத்தக்கது. 2022இலும் 2023இலும் அக்கதை திரைப்படமாக வெளிவந்தபோது, நடிகரின் தோற்றத்தை மணியத்தின் உருவங்களோடு ஒப்பிட்டுப் பேசிய வாசகர் பலர். ஒரு நாவலின் தகுதி வாய்ந்த தோற்றம் எது என்பதற்கு அவர்கள் அளவுகோலாகக் கொண்டது கல்கியின் வருணனையை மட்டுமன்று, மணியத்தின் கோட்டையுமாகும். வாசகர் ஏற்ற இவ்வுண்மையை ஆய்வு இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ பற்றிய ஆய்வேடுகள் பெரும்பாலும் நூற்பதிப்பையே முதன்மை ஆதாரமாகக் கொள்கின்றன, இதழ்ப்பக்கத்தைக் காண்பதில்லை.

சில்பியின் பணி இதனினும் ஒருபடி வேறானது. 1919இல் நாமக்கல்லில் பிறந்த பி.எம்.சீனிவாசனுக்குச் ‘சில்பி’ என்று பெயரிட்டவர் ஓவியர் மாலி. ‘ஆனந்த விகட’னில் வந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரிசைக்காக அவர் கோயில்களுக்கு நேரில் சென்று, சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்தார். அதன்பின் சிற்பங்கள் சிதைந்திருக்கலாம், சுண்ணாம்பும் வண்ணமும் பூசப்பட்டிருக்கலாம், களவு போயிருக்கலாம். ஆகவே அவ்வரைவுகள் கலைப்பொருளாக மட்டுமன்றி வரலாற்று ஆவணமாகவும் நிற்கின்றன.

5. காதர்பேட்டை தரும் ஒப்புமை

மூல வரைவிலிருந்து விற்பனைப்பொருள் வரை ஒரு படம் கடக்கும் வழியை இன்று கண்கூடாகக் காணத்தக்க இடங்களுள் ஒன்று திருப்பூர். அந்நகரின் இரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டை, பனியன் வணிகத்திற்குப் பெயர்பெற்றது. ஏற்றுமதியில் எஞ்சிய உடைகளும் உள்நாட்டுச் சந்தைக்கெனத் தைத்த உடைகளும் அங்கு விற்கப்படுகின்றன. அவற்றின் மார்புப் பகுதியில் காணும் படங்களுட் பல, ஸ்கிரீன் பிரிண்டிங் எனப்படும் திரையச்சு முறையில் பதிக்கப்பட்டவை. முதலில் டிசைனர் படத்தை வரைகிறார். பின்னர் அது நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்டு, நிறத்துக்கு ஒன்றாக பிலிம் எடுக்கப்படுகிறது. ஒளிபட்டால் இறுகும் பூச்சு பூசிய வலைச்சட்டத்தின்மேல் அந்த பிலிமை வைத்து ஒளிபாய்ச்சி, நீரால் கழுவினால், படம் இருந்த இடம் மட்டும் திறந்த கண்ணாக நிற்கும். நான்கு நிறமுடைய படத்துக்கு நான்கு சட்டங்கள் வேண்டும். ஒரு சட்டம் சிறிது விலகினும் படம் குலையும்.

இத்தொழிலில் இரண்டு வழக்கங்கள் ஆய்வுலகின் கருத்துக்குரியவை. ஆர்டர் முடிந்ததும் சட்டத்தின் பூச்சைக் கரைத்துக் கழுவி, வலையை அடுத்த படத்துக்குப் பயன்படுத்துவர். அச்சுக்கருவி அழிந்துவிடுகிறது. வார இதழ்க் காலத்துத் துத்தநாக பிளாக்குகளும் இவ்வாறு நிலையற்றவையே. இது முதல் வழக்கம். ஆனால் வாங்குபவர் ஒப்புதல் அளித்த சாம்பிளை அவ்வளவு எளிதில் எறிவதில்லை. நிறம் மாறியது, அளவு மாறியது என்று பின்னாளில் வழக்கு எழுமானால், ஒப்பிட்டு முடிவு காண அது வேண்டும். இது இரண்டாம் வழக்கம். வணிகம், வழக்கு எழக்கூடும் காலம்வரை மூலத்தைக் காக்கிறது. இலக்கியப் பனுவலைப் பற்றிய வழக்குக்கோ முடிவுக்காலம் இல்லை. எனவே இலக்கியத்தின் மூலங்களைக் காக்கும் காலத்துக்கும் எல்லை வகுத்தல் பொருந்தாது.

வேறொரு நிலையிலும் இச்சந்தை பாடம் புகட்டுகிறது. வள்ளுவரும் பாரதியும் பனியனில் படமாகும் காலம் இது. இன்று எங்கும் காணப்படும் வள்ளுவர் உருவம், கே.ஆர்.வேணுகோபால் சர்மா தீட்டியது. குறளில் தாம் கண்ட பொருளுக்கேற்ப அவ்வுருவத்தின் கூறுகளை அமைத்ததாக அவர் விளக்கம் தந்தார். 1960இல் அது அஞ்சல்தலையாயிற்று. 1964இல் தமிழகச் சட்டமன்றத்தில் இடம்பெற்றது. அதன்பின் அவ்வுருவம் படியெடுப்பவர் கைதோறும் மாறியது. நெற்றி குறுகியது, முடியும் தாடியும் வடிவு மாறின, ஓலையும் எழுத்தாணியும் இடம்பெயர்ந்தன. ஏடு பெயர்த்து எழுதுவோர் கையில் பாடம் திரிவதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை. பாடத் திரிபைக் கண்டறிய மூல ஏட்டை நாடும் ஆய்வாளர், உருவத் திரிபைக் கண்டறிய மூல வரைவை நாடுதல் முறைமையாகும்.

6. எழக்கூடிய மறுப்புகள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முன்வரைவு ஓவியரின் தனிப்பட்ட பயிற்சித்தாள். அவர் வெளியிட விரும்பாததை வெளிக்கொணர்தல் அறமாகுமா என்பது முதலாவது. இம்மறுப்பு மதிக்கத்தக்கது. ஆயினும் பேணுதல் வேறு, வெளியிடுதல் வேறு. குடும்பத்தாரின் இசைவின்றி எதனையும் அச்சிட வேண்டுவதில்லை. ஆனால் அழியாமல் வைத்திருக்கலாம். எழுத்தாளரின் திருத்தப்படிகளைப் பொறுத்தும் ஆய்வுலகம் இந்நெறியையே கைக்கொள்கிறது.

ஓவியம் நுண்கலைத் துறைக்கு உரியது. தமிழ்த்துறைக்கு அதில் என்ன பணி என்பது இரண்டாவது. நுண்கலை ஆய்வாளர் கோட்டின் திறத்தை மதிப்பிடுவார். அக்கோடு எந்த வருணனையிலிருந்து எழுந்தது, எந்த அடைமொழியை விட்டது, எந்த மெய்ப்பாட்டைச் சேர்த்தது என்பதைப் பனுவல் பயின்றவரே கூற இயலும். மெய்ப்பாட்டியலைப் பாடமாகக் கற்கும் துறை, வரையப்பட்ட மெய்ப்பாட்டைத் தன் எல்லைக்குப் புறம்பானதெனக் கருதுதல் முரணாகும்.

உரிமைச் சிக்கல் மூன்றாவது. இது நடைமுறையில் மிகப் பெரியது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. எப்பதிப்பகமும் ‘பொன்னியின் செல்வ’னை வெளியிடலாம். ஆனால் எழுத்தின் நாட்டுடைமை ஓவியத்தைச் சாராது. ஓவியத்தின் உரிமை தனியானது. இதனால் விலை குறைந்த பதிப்புகள் பல முதல் வெளியீட்டுப் படங்களின்றியோ வேறு படங்களோடோ வருகின்றன. முதல் வாசகர் படித்த பனுவலும் இன்றைய வாசகர் படிக்கும் பனுவலும் இவ்வகையில் வேறாகிவிட்டன. உரிமையாளர்க்கு உரிய மதிப்பூதியம் அளித்துப் படங்களை இணைத்தலே நேர்வழி. அது இயலாதவிடத்து, முதல் வெளியீட்டில் எந்த அத்தியாயத்தில் என்ன படம் இடம்பெற்றது என்ற அட்டவணையையேனும் பதிப்பாசிரியர் சேர்க்கலாம். பட்டியலிடுதற்கு உரிமைத்தடை இல்லை.

7. செய்யத்தக்கன

பரிந்துரைகள் பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. தொடராக வெளிவந்த படைப்பை ஆராயும் முனைவர்பட்ட ஆய்வேடு, நூற்பதிப்போடு இதழ்ப்பக்கத்தையும் முதன்மை ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்ற நெறியைத் துறைகள் வகுக்கலாம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய இதழ்கள் பேணப்படுகின்றன. அவற்றை நாடுதல் இயலாத செயலன்று. ஓவியர்களின் இல்லங்களில் எஞ்சிய முன்வரைவுகளை, குடும்பத்தாரின் இசைவோடு, ஓவியர் பெயர், படைப்பு, இதழ், நாள், வரைபொருள், தாளின் அளவு, விளிம்புக் குறிப்பு என்னும் விவரங்களோடு பட்டியலிட்டு மின்படியாக்கலாம். விளிம்புக் குறிப்பு சிறப்பாகக் கருதத்தக்கது. படத்தின் அளவைக் குறைக்கவோ ஒரு பகுதியை நீக்கவோ ஆசிரியர் குழு எழுதிய சொற்கள் அங்கிருந்தால், பதிப்பு முடிவு எடுக்கப்பட்ட முறையை அவை உரைக்கும்.

திருப்பூர் வட்டாரத்துத் தமிழ்த்துறைகளுக்கு இதில் தனித்த வாய்ப்பு உண்டு. பின்னலாடைத் தொழிலோடு தொடர்புடைய குடும்பங்களிலிருந்து வரும் மாணவர் பலர், நிறப்பிரிப்பு, பிலிம், சட்டம், சாம்பிள் என்பவற்றைப் பேச்சுவழக்கிலேயே அறிந்தவர்கள். ஒரு படத்தைக் கண்டதும் அது எத்தனை நிறத்தில் அச்சானது, எங்கு பதிவு விலகியது, எந்தக் கோடு படியெடுத்ததால் தடித்தது என்று கூறவல்ல கண் அவர்களுக்கு உண்டு. அக்கண் இதுவரை இலக்கிய ஆய்வின் தகுதியாகக் கருதப்பட்டதில்லை. காதர்பேட்டைக் கடையில் பயன்படும் அறிவு ஆய்வேட்டிலும் பயன்படும் என்று மாணவருக்கு உணர்த்துவது, துறைக்கும் நகருக்கும் ஒருசேர நன்மை பயக்கும்.

8. முடிவுரை

முன்வரைவு, முடிந்த படத்தின் குறைவடிவம் அன்று. பனுவலைப் படித்த ஒருவர் அதனோடு வாதிட்டதன் பதிவு. பிரெஞ்சு நாடகப் பதிப்புகளின் முன்வரைவுகள் பலவற்றை இன்றும் காண முடிகிறது எனில், அவற்றைப் பெறுமதியுடையவையாக ஒரு சமூகம் கருதியதே காரணம். மணியம், சில்பி, கோபுலு ஆகியோரின் தாள்களுக்கும் அம்மதிப்பு உரியது. ஓலைக்குச் செல் பகை. தாளுக்கு ஈரமும் வெயிலும் பகை. பென்சில் கோடு மையினும் விரைவில் மங்குவதன்று. எனினும் அதன் அருமை அறியப்படாத வீட்டில் அது பழைய தாளோடு தாளாக எடைக்குப் போய்விடும். ஏடு தேடிச் சென்ற தலைமுறை, அடுப்பிலும் ஆற்றிலும் சேர்ந்த சுவடிகளை எண்ணி வருந்தியது. அவ்வருத்தத்தை வரலாறாகப் படிக்கும் இன்றைய தலைமுறைக்கு, தன் காலத்துப் புனையா ஓவியங்களைப் பட்டியலிடும் வாய்ப்பு இன்னும் கைநழுவிவிடவில்லை. வரைந்த கைகளை அறிந்தவர்கள் வாழும் காலத்திலேயே அப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.